ஒரே மருந்து, மூணு பேட்ச்: அட்வேர் டிஸ்கஸ் தனக்குத்தானே சமம் ஆகாம போன கேஸ்

2016ல கிளினிக்கல் ஃபார்மகாலஜி அண்ட் தெரப்யூட்டிக்ஸ் ஜர்னல்ல ஒரு பேப்பர் வந்துச்சு. மெடிக்கல் நியூஸ்ல பெருசா அடிபடல, ஆனா இன்ஹேலர் ஜெனரிக் பண்றவங்க மத்தியில நல்லா பேசப்பட்டுச்சு. பண்ணது ரொம்ப சிம்பிள். ஜிஎஸ்கே கம்பெனியோட அட்வேர் டிஸ்கஸ் 100/50 இன்ஹேலர், அதாவது ஆஸ்துமாவுக்கு குடுக்கற ஃப்ளூட்டிகசோன் புரோபியோனேட்டும் (வீக்கத்த குறைக்கற ஸ்டீராய்டு) சால்மெட்டராலும் (காற்றுக்குழாய விரிக்கற மருந்து) சேந்த பவுடர், இத மார்க்கெட்ல இருந்தே மூணு வேற வேற பேட்ச்ல வாங்கிட்டாங்க. நுரையீரல் வியாதி எதுவும் இல்லாத ஆரோக்கியமான வாலண்டியர்களுக்கு அத மாத்தி மாத்தி குடுத்து, ரத்தத்துல மருந்து எவ்வளவு ஏறுதுன்னு அளந்தாங்க. மூணுமே ஒரே கம்பெனி, ஒரே பேரு, ஒரே லேபிள், எல்லாமே குவாலிட்டி செக்ல பாஸ் ஆகி கடைக்கு வந்த சரக்கு. ஆனா எந்த ரெண்டு பேட்சை எடுத்து ஒப்பிட்டாலும் "ரெண்டும் சமம்"னு நிரூபிக்க முடியல. இத்தனைக்கும் ஒரு ஜெனரிக் கம்பெனி தன்னோட மருந்து ஒரிஜினலுக்கு சமம்னு காட்ட எந்த டெஸ்ட்ட பாஸ் பண்ணணுமோ, அதே டெஸ்ட்ட தான் இங்கயும் போட்டாங்க.

ஒரிஜினலே ஒரிஜினலுக்கு சமம் இல்லன்னா, காப்பி எதுக்கு சமமா இருக்கணும்? இந்த கேஸ்ல கேள்வியே இதான். ஆனா இதுக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்த பவுடர் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா வம்பு எல்லாம் அங்க இருந்து தான் ஆரம்பிக்குது.

டிஸ்கஸுக்குள்ள என்ன இருக்கு

ஊதா கலர்ல வட்டமா இருக்குமே அதான் டிஸ்கஸ். நம்ம ஊர்ல இதே சாதனம் செரிடைட் அக்யுஹேலர்ங்கற பேர்ல வரும், இதே மருந்து ஜோடிய சிப்லாவோட செரோஃப்ளோ கேப்ஸ்யூலா ரோட்டாஹேலர்ல போட்டு இழுக்கறவங்க இன்னும் நிறைய பேர். டிஸ்கஸ்க்குள்ள ஒரு ஃபாயில் பட்டை சுருட்டி வெச்சிருக்கும், அதுல 60 குட்டி குட்டி பள்ளம். லீவரை தள்ளினா ஒரு கிளிக், மேல் ஃபாயில் பிரிஞ்சு ஒரு டோஸ் திறக்கும், வாய் வெச்சு வேகமா ஆழமா இழுத்தா பவுடர் உள்ள போகும். கவுண்டர் நம்பர் 5 வந்ததுல இருந்து சிவப்புல காட்டும், மருந்து தீரப் போகுதுன்னு அர்த்தம்.

ஒரு பள்ளத்துல மொத்தம் 12.5 மில்லிகிராம் பவுடர். அதுல 100/50 டோஸ்ல ஃப்ளூட்டிகசோன் 100 மைக்ரோகிராம், சால்மெட்டரால் 50 மைக்ரோகிராம் (உப்பு வடிவத்துல 72.5 மைக்ரோகிராம்). கணக்கு போட்டா மொத்த பவுடர்ல மருந்து நூத்துக்கு ஒண்ணரை பங்கு கூட வரல, மீதி எல்லாம் லாக்டோஸ், பால் சர்க்கரை. அதனால தான் பால் புரதம் கடுமையா அலர்ஜி ஆகறவங்களுக்கு இது கூடாதுன்னு லேபிள்லயே போட்டிருக்கான். மருந்து துகள் நுரையீரலோட உள் கிளைகளுக்கு போகணும்னா 1ல இருந்து 5 மைக்ரான் சைஸ்ல இருக்கணும், ஆனா அவ்வளவு பொடியா அரைச்சா அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பள்ளத்துல சரியா அளந்து போடவே முடியாது. அதனால பெரிய லாக்டோஸ் துகள் மேல மருந்தை ஒட்ட வெக்கிறாங்க, ரவை மேல மைதா ஒட்டின மாதிரி. நம்ம மூச்சோட இழுப்புல தான் அந்த மைதா ரவைய விட்டு கழண்டு பறக்கணும். கழண்டது நுரையீரலுக்கு, கழளாதது தொண்டையில மோதி வயித்துக்கு.

இந்த ஒட்டறதும் கழளறதும் ரொம்ப மூடு பாத்து நடக்கற சமாச்சாரம். லாக்டோஸ்ல எவ்வளவு பொடித் துகள் கலந்திருக்கு, எப்படி கலக்கினாங்க, ஈரப்பதம் எவ்வளவு, நிலைமின்சாரம் எப்படி, தயாராகி எத்தனை மாசம் ஆச்சு, எல்லாமே கை வெக்கும். மாத்திரைன்னா வயித்துல கரைஞ்சா போதும். இங்க ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி இயற்பியல் சோதனை நம்ம வாய்க்குள்ள நடக்குது.

லேபிள் பாத்தா இது புரியும். நிமிஷத்துக்கு 60 லிட்டர் வேகத்துல 2 செகண்ட் இழுத்தா 100/50 டிஸ்கஸ்ல இருந்து வெளிய வர்றது ஃப்ளூட்டிகசோன் 93, சால்மெட்டரால் 45 மைக்ரோகிராம்னு போட்டிருக்கும். இது வாய்ப்பக்கம் வெளிய வர்ற அளவு தான். அதுலயும் ஒரு சின்ன பங்கு தான் நுரையீரல் வரைக்கும் போகும்.

வியாதி இல்லாதவங்க கிட்ட எதுக்கு டெஸ்ட்

இது எல்லாரும் கேக்கற கேள்வி, நியாயமான கேள்வி தான். ஆஸ்துமாக்காரங்களுக்கான மருந்த நல்லா இருக்கறவங்களுக்கு ஏன் குடுக்கணும்?

ஃப்ளூட்டிகசோனுக்கு ஒரு வசதியான குணம் இருக்கு. முழுங்கினா குடல் வழியா கல்லீரலுக்கு போய் அங்கயே உடைஞ்சிடும், ரத்தத்துல சேர்றது 1 சதவீதத்துக்கும் கம்மி. அப்ப ரத்தத்துல ஃப்ளூட்டிகசோன் தெரியுதுன்னா அது கிட்டத்தட்ட மொத்தமும் நுரையீரல் வழியா வந்தது தான். நுரையீரலுக்குள்ள போய் அளக்க முடியாது, ஆனா கையில இருந்து ரத்தம் எடுத்து அளக்கலாம். சால்மெட்டராலுக்கு இந்த வசதி முழுசா இல்ல, முழுங்கினதுல கொஞ்சம் ரத்தத்துல சேரும். அதனால ஐரோப்பாவுல சில ஸ்டடில வாலண்டியருக்கு கரித்தூள் குடிக்க குடுப்பாங்க, வயித்துக்கு போன மருந்த அது பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துக்கு வர்றது நுரையீரல் பங்கு மட்டும்.

சரி, அத ஆஸ்துமா இருக்கறவங்க கிட்டயே பண்ணலாமே? பண்ணிப் பாத்திருக்காங்க. 2000ல லான்செட்ல ஒரு ஸ்டடி வந்துச்சு, 1000 மைக்ரோகிராம் ஃப்ளூட்டிகசோன ஆஸ்துமாக்காரங்களுக்கும் ஆரோக்கியமானவங்களுக்கும் குடுத்து ஒப்பிட்டாங்க. ஆஸ்துமாக்காரங்க ரத்தத்துல ஏறினது மத்தவங்கள விட பாதிக்கும் கம்மி. காற்றுக்குழாய் சுருங்கி இருக்கறதால மருந்து உள் கிளைக்கு போகாம முன்னாடியே பெரிய குழாய்ல படிஞ்சிடுது, ஃப்ளூட்டிகசோன் மெதுவா கரையற சரக்கு, அது கரையறதுக்குள்ள சளியோட சேந்து மேல தள்ளப்பட்டு தொண்டைக்கு வந்து முழுங்கப்பட்டு கல்லீரல்ல முடிஞ்சிடுது. அதுமட்டுமில்ல, ஆஸ்துமாக்காரங்களுக்கு நேத்து ஒரு மாதிரி இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கும். ரெண்டு பவுடருக்கு நடுவுல இருக்கற சின்ன வித்தியாசம் அந்த ஏத்த இறக்கத்துல மூழ்கிப் போயிடும். வித்தியாசம் இருந்தா கண்டுபிடிக்கணும்னா நிலையா இருக்கற நுரையீரல் வேணும், அது ஆரோக்கியமானவங்க கிட்ட தான் இருக்கு.

அதாவது இங்க வாலண்டியர் உடம்பு ஒரு அளவுகோல். மருந்து வேலை செய்யுதான்னு யாரும் பாக்கல, பவுடர் எப்படி பறக்குதுன்னு பாக்கறாங்க. இத புரிஞ்சுக்காம "ஆரோக்கியமானவங்க கிட்ட டெஸ்ட் பண்ணி ஆஸ்துமாவுக்கு அப்ரூவல் வாங்கிட்டான்"னு கொதிக்கறவங்கள பாத்திருக்கேன், அது சரியில்ல.

காம்பினேஷன் மருந்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ரெண்டு மருந்த ஒண்ணா சேத்தா ஒண்ணோட அளவை இன்னொண்ணு மாத்துதா? அட்வேருக்கே இத பண்ணிருக்காங்க, லேபிள்லயே இருக்கு. 14 ஆரோக்கியமான ஆளுங்களுக்கு 500/50 டோஸ்ல ரெண்டு இழுப்பு. ஒரு தடவை சேந்த மருந்து, ஒரு தடவை ரெண்டையும் தனித்தனியா ஒரே நேரத்துல, ஒரு தடவை ஃப்ளூட்டிகசோன் மட்டும். ரத்தத்துல ஃப்ளூட்டிகசோனோட உச்சம் சராசரியா 107, 94, 120 பிகோகிராம், ஒரு மில்லிலிட்டர்ல. குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லன்னு முடிவு. இந்த மூணு நம்பரையும் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க.

டெஸ்ட் அன்னிக்கு நடக்கறது

பிகோகிராம்னா ஒரு கிராமை லட்சம் கோடியா பிரிச்சா அதுல ஒரு பங்கு. இந்த அளவுல அளக்கறதுல இருக்கற தலைவலிய வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு சொன்னா நம்ப மாட்டாங்க. ஒரு பள்ளத்துல இருக்கறது மைக்ரோகிராம் கணக்கு, ரத்தத்துல தேடறது பிகோகிராம் கணக்கு. வாலண்டியர் இழுக்கும்போது காத்துல பறக்கற ஒரு துளி தூசி, நர்ஸ் கையுறை மேல பட்டு, அங்க இருந்து ரத்தம் எடுக்கற டியூப் வாய்ல பட்டா அந்த சாம்பிள் காலி. அதனால மருந்து இழுக்கற ரூம் வேற, ரத்தம் எடுக்கற ரூம் வேற, ஆளுங்களும் வேற. இழுக்க வெக்கிற ஸ்டாஃப் ரத்தம் எடுக்கற பக்கம் தலை காட்டக் கூடாது.

வாலண்டியர் புகை பிடிக்காதவரா இருக்கணும், மூச்சு ஊதற டெஸ்ட் நார்மலா இருக்கணும், ஃப்ளூட்டிகசோன கல்லீரல்ல உடைக்கற சிஒய்பி3ஏ4 நொதிய தடுக்கற மருந்து எதுவும் எடுக்கக் கூடாது, ரிட்டோனாவிர் மாதிரி. முன்னாடியே காலி இன்ஹேலர் வெச்சு இழுக்கப் பழக்குவாங்க, முழுசா மூச்ச வெளிய விடு, ஆனா சாதனத்துக்குள்ள விடாத, ஈரம் பட்டா பவுடர் கட்டியாயிடும், வேகமா இழு, பிடிச்சு வை. ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இழுக்கலன்னா அளவுகோலே ஆடும்.

அப்புறம் மணிக்கட்டு பக்கமோ முழங்கை பக்கமோ கேனுலா, அதாவது ரத்தக் குழாய்ல சொருகி வெக்கற குட்டி டியூப். சால்மெட்டரால் ரத்தத்துல உச்சத்துக்கு வர்றது சுமார் 5 நிமிஷத்துலயே, அதனால இழுத்த உடனே சில நிமிஷத்துக்கு ஒரு டியூப், அடுத்தவன் என்ன பண்றான்னு கூட பாக்க நேரம் இருக்காது. ஃப்ளூட்டிகசோன் உச்சத்துக்கு வர 1ல இருந்து 2 மணி நேரம் ஆகும். இப்படி அவசரமா வர்றவனும் நிதானமா வர்றவனும் ஒரே இழுப்புல இருக்கறதால ரத்தம் எடுக்கற டைம்டேபிள் ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி போடணும், ஆரம்பத்துல நெருக்கமா, அப்புறம் விட்டு விட்டு மறுநாள் வரைக்கும். காம்பினேஷன் இன்ஹேலர் ஸ்டடில வாலண்டியர் அதிகமா அலுத்துக்கறது இந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு தான்.

அப்புறம் இடைவெளி விட்டு, உடம்புல மருந்து சுத்தமா போனதுக்கு அப்புறம், அதே ஆள் திரும்ப வந்து அடுத்த பவுடரை இழுக்கணும். இது கிராஸ்ஓவர். ஒவ்வொருத்தரும் தனக்குத்தானே ஒப்பீடு, அதனால ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசம் கணக்குல இருந்து போயிடும்.

ரிசல்ட்

2016 ஸ்டடில பேட்ச் மூணு, ஆனா அதுல ஒண்ண ரெண்டு தடவை குடுத்தாங்க. இந்த ஒரு சின்ன ஐடியா தான் மொத்த ஸ்டடிக்கும் உயிர். ஏன்னா வெறும் மூணு பேட்ச குடுத்து வித்தியாசம் வந்துச்சுன்னா உடனே எல்லாரும் சொல்வாங்க, இழுக்கறதுல வந்த வித்தியாசம், லேப்ல வந்த வித்தியாசம், அன்னிக்கு சாப்பிட்டது, தூங்கினதுன்னு. அதே பேட்ச அதே ஆளுங்களுக்கு ரெண்டாவது தடவை குடுத்தா இந்த சாக்கு எல்லாம் அதுலயும் வரணும்ல?

வரல. ஒரே பேட்ச ரெண்டு தடவை குடுத்தப்ப சமம்னு டெஸ்ட் பாஸ். வேற வேற பேட்ச்னா எல்லா ஜோடியும் ஃபெயில்.

பாஸ் ஃபெயில்னா என்னன்னு கொஞ்சம் சொல்லணும். ரெண்டு பவுடரோட ரத்த அளவை வகுத்தா ஒரு விகிதம் வரும், அந்த விகிதத்தோட 90 சதவீத நம்பக எல்லை (உண்மையான விகிதம் இதுக்குள்ள இருக்கலாம்னு கணக்கு சொல்ற வீச்சு) மொத்தமும் 80ல இருந்து 125 சதவீதத்துக்குள்ள உக்காரணும். ஃபெயில் ஆகறதுல ரெண்டு வகை. ஒண்ணு, எல்லை அகலமா இருக்கு, ஒரு பக்கம் கோட்டை தாண்டுது, அதாவது சமமான்னு சொல்ல முடியல. இன்னொண்ணு, மொத்த எல்லையுமே கோட்டுக்கு வெளிய நிக்குது, அதாவது சமம் இல்லன்னே நிரூபணம். முதல் வகைனா இன்னும் நாலு பேரை சேத்தா சரியாயிடும்னு சமாதானம் சொல்லலாம். இந்த ஸ்டடில சில ஒப்பீடுகள் ரெண்டாவது வகை. ஒரே பேர் போட்ட ரெண்டு டப்பா, சமம் இல்லன்னு புள்ளிவிவரமே சொல்லிடுச்சு.

பேட்சுக்கு பேட்ச் இருக்கற ஏத்த இறக்கம், ஒரே ஆள் ஒரே பேட்ச நாளுக்கு நாள் எடுக்கும்போது வர்ற மிச்ச ஏத்த இறக்கத்துல 40ல இருந்து 70 சதவீதம்னு கணக்கு போட்டாங்க. இது கம்மி இல்ல. வழக்கமான ஸ்டடில இந்த பங்குக்கு கணக்குல இடமே கிடையாது, இல்லாததா நெனச்சு விட்டுடுவாங்க.

எனக்கு இதுல ஆச்சரியம் பேட்ச் மாறுதுங்கறது இல்ல. மாறும்னு விதியே ஒத்துக்குது. அமெரிக்காவுல 1998ல வந்த இன்ஹேலர் வரைவு வழிகாட்டுதல்ல வெளிய வர்ற டோஸோட சராசரி லேபிள் அளவுல 85ல இருந்து 115 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும்னு இருக்கு. ஒரு பேட்ச் 85லயும் இன்னொண்ணு 115லயும் நின்னா ரெண்டுமே சட்டப்படி நல்ல பேட்ச் தான். ஆனா 85ஐ 115ஆல வகுங்க, 0.74. சமம்ங்கற கோடு 0.80. ஃபேக்டரி கேட்ல பாஸ் ஆன ரெண்டு பேட்ச், வாலண்டியர் ரத்தத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே பேப்பர்லயே ஃபெயில் ஆக இடம் இருக்கு. இது நான் போட்ட ஓரத்து கணக்கு தான், வெளிய வர்ற டோஸும் நுரையீரலுக்கு போற பொடியும் ஒண்ணு இல்ல, ஆனாலும் ரெண்டு விதியும் ஒண்ண ஒண்ணு பாத்துக்காம எழுதப்பட்டது இதுல நல்லா தெரியுது.

இப்ப அந்த 107, 94, 120 நம்பருக்கு வாங்க. அந்த மூணுக்கு நடுவுல இருக்கற வித்தியாசம், மருந்துங்க ஒண்ணோட ஒண்ணு சேந்ததால வந்ததா, வெறும் தற்செயலா, இல்ல அன்னிக்கு எடுத்த பேட்ச் அப்படியா? ஒரு பவுடருக்கு ஒரு பேட்ச் வெச்சு பண்ற எந்த ஸ்டடிலயும் இத பிரிக்க முடியாது. அந்த முடிவு தப்புன்னு சொல்லல, பெரிய மாற்றம் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா சின்ன மாற்றத்த பத்தி பேசற தகுதி அந்த டிசைனுக்கு இல்ல.

எத்தனை பேரை சேத்தாலும் டப்பா ஒண்ணு தான்

அதே குழு அடுத்து 2017ல ரெண்டாவது பேப்பர் போட்டாங்க. பேட்சுங்க சமம் இல்லங்கறத தனியா இன்னொரு ஸ்டடில உறுதி பண்ணிட்டு, அப்ப நடைமுறைல இருக்கற டெஸ்ட் எவ்வளவு தப்பா போகும்னு கணக்கு போட்டாங்க. ஜெனரிக் டெஸ்ட்ல ஜெனரிக்ல ஒரு பேட்ச், ஒரிஜினல்ல ஒரு பேட்ச், ரெண்டையும் கிராஸ்ஓவர்ல குடுக்கறது தான் வழக்கம். இதுல சமம் இல்லாத மருந்த சமம்னு தவறா சொல்ற வாய்ப்பு 5 சதவீதத்துக்கு மேல போகாதுன்னு தான் ரெகுலேட்டர் நமக்கு குடுக்கற உறுதி. பேட்ச் ஏத்த இறக்கத்த கணக்குல எடுத்தா அது சுமார் 25 சதவீதம் வரைக்கும் போகுதுன்னு வந்துச்சு.

ஏன் இப்படின்னு புரிஞ்சுக்க புள்ளியியல் படிச்சிருக்கணும்னு இல்ல. 30 பேரை வெச்சு டெஸ்ட் பண்றோம், எல்லை அகலமா வருது, சரின்னு 100 பேரா ஆக்கறோம், எல்லை குறுகிடுது, ரொம்ப துல்லியமா இருக்கேன்னு சந்தோஷப்படறோம். ஆனா துல்லியமா தெரிஞ்சது எது? இந்த டப்பாவுக்கும் அந்த டப்பாவுக்கும் இருக்கற விகிதம். நாம கேட்டது இந்த மருந்துக்கும் அந்த மருந்துக்கும் இருக்கற விகிதம். 1000 பேரை கூட்டிட்டு வந்தாலும் டப்பா ரெண்டு தான், டப்பா விஷயத்துல நம்ம சாம்பிள் சைஸ் ஒண்ணுக்கு ஒண்ணு. ஆள் சேக்க சேக்க தப்பான கேள்விக்கு விடை தெளிவாகிட்டே போகுது.

இது ரெண்டு பக்கமும் வெட்டும். சுமாரான ஜெனரிக், தனக்கு ஒத்து வர்ற ஒரிஜினல் பேட்ச் மாட்டினா பாஸ் ஆயிடலாம். உருப்படியான ஜெனரிக், ஒரு ஓரத்துல நிக்கற ஒரிஜினல் பேட்ச் மாட்டினா ஃபெயில் ஆகலாம், அதுக்கப்புறம் அந்த கம்பெனி பவுடரை மாத்தி திரும்ப டெஸ்ட், இன்னும் செலவு, இன்னும் கொஞ்சம் வாலண்டியர் கையில ஊசி. ஐரோப்பாவுல முன்கூட்டியே பல பேட்ச மெஷின்ல டெஸ்ட் பண்ணி நடுவுல நிக்கற பேட்ச பொறுக்கி எடுக்கற வழி இருக்கு. அது பரவாயில்ல, ஆனா பொறுக்கறது கம்பெனி கையில இருக்கறவரைக்கும் எனக்கு முழு திருப்தி இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா அமெரிக்காவோட மருந்து ரெகுலேட்டரான எஃப்டிஏ 2013 செப்டம்பர்ல இந்த மருந்துக்கு தனியா வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல்ல, மெஷின்ல பண்ற டெஸ்டுக்கு ரெண்டு பக்கமும் குறைஞ்சது மூணு மூணு பேட்ச் எடுக்கணும்னு தெளிவா கேக்கறான். மெஷின்னா பவுடரை காத்துல இழுத்து தட்டு தட்டா சைஸ் வாரியா பிரிக்கற கருவி. பேட்ச் மாறும்னு தெரிஞ்சு தான கேக்கறான்? மனுஷன் ரத்தத்துல பண்ற டெஸ்டுக்கு வரும்போது அந்த நிபந்தனை காணாம போயிடுது.

ஒரு விஷயம் மறைக்காம சொல்லணும். இந்த ஸ்டடிய பண்ணவங்க நடுநிலையான யூனிவர்சிட்டி இல்ல. அப்ப நோவார்டிஸ் குழுமத்துக்கு சொந்தமா இருந்த ஓரியல் தெரப்யூட்டிக்ஸ்ங்கற கம்பெனி பக்கம் இருந்து வந்தது, அதே குழுமத்தோட சாண்டோஸ் அட்வேருக்கு ஜெனரிக் கொண்டு வர முயற்சி பண்ணிட்டு இருந்துச்சு. ரூல் மாறினா லாபம் அவங்களுக்கு. அதுக்காக ரிசல்ட்ட தள்ளிட முடியாது, ஒரே பேட்ச ரெண்டு தடவை குடுத்து பாத்த அந்த செக் யார் பண்ணாலும் செல்லும். ஆனா படிக்கும்போது இத தெரிஞ்சு படிக்கணும்.

அப்ப நோயாளிக்கு ஆபத்தா

இல்ல. இத படிச்சுட்டு யாரும் டப்பா மாத்தினதும் மூச்சு முட்டுதுன்னு பயப்படாதீங்க, டாக்டர கேக்காம டோஸ ஏத்தவோ நிறுத்தவோ வேண்டாம். இன்ஹேலர் ஸ்டீராய்டோட விளைவு டோஸ் ஏற ஏற அதே வேகத்துல ஏறாது, சீக்கிரமே சமதளமா ஆயிடும். ரத்தத்துல கால் பங்கு வித்தியாசம் வந்தாலும் ஊதற டெஸ்ட்ல அது தெரியறது கஷ்டம். இதனால தான் எஃப்டிஏ நோயாளிகள் கிட்ட பண்ற ஸ்டடிய இருக்கறதுலயே கம்மியான 100/50 டோஸ்ல பண்ண சொல்லுது, அதிக டோஸ்ல எத குடுத்தாலும் ஒரே மாதிரி தான் தெரியும்.

அப்ப பாருங்க, கைல ரெண்டு டெஸ்ட். ஆரோக்கியமானவங்க ரத்த டெஸ்ட் ரொம்ப கூர்மை, ஒரே மருந்தையே ரெண்டா பிரிச்சிடுது. நோயாளிகள் டெஸ்ட் ரொம்ப மழுங்கல், பெரிய வித்தியாசத்தையும் விட்டுடும். ரெண்டையும் மெஷின் டெஸ்டையும் சேத்து மொத்தமா எடை போடணும்ங்கறது தான் எஃப்டிஏ வழி, அந்த அணுகுமுறைல எனக்கு சண்டை இல்ல. கூர்மையான கத்திய ஒரே ஒரு டப்பா மேல வெச்சு வெட்டறது தான் பிரச்சனை.

பணம் எவ்வளவு புரளுற இடம்னும் தெரிஞ்சுக்கங்க. அட்வேர் அமெரிக்காவுல 2000ல அப்ரூவ் ஆச்சு, 2013ல இந்த மருந்தோட உலக விற்பனை மட்டும் 500 கோடி பவுண்டுக்கு மேல. மருந்து ஜோடியோட பேட்டண்ட் 2010லயே முடிஞ்சும் ஜெனரிக் வர இன்னும் 9 வருஷம் ஆச்சு. 2017 மார்ச்ல மைலான் விண்ணப்பம் திரும்பி வந்துச்சு, மே மாசம் ஹிக்மாவோடது, 2018 பிப்ரவரில சாண்டோஸோடது. இத எல்லாம் பேட்ச் பிரச்சனையோட நேரா முடிச்சு போடக் கூடாது, ஹிக்மா விஷயத்துல இடிச்சது நோயாளிகள் கிட்ட பண்ற ஸ்டடி. 2019 ஜனவரி 30 மைலானோட விக்ஸெலா அப்ரூவ் ஆச்சு, மூணு டோஸுக்கும் ஆரோக்கியமானவங்க கிட்ட ரத்த அளவு ஸ்டடி பண்ணி தான். வந்தப்ப அதோட விலை அட்வேரோட அன்னிக்கு இருந்த பட்டியல் விலைய விட 70 சதவீதம் கம்மியா இருந்துச்சு. ஹிக்மா 2020 டிசம்பர்ல அப்ரூவல் வாங்கிட்டான். பேட்ச் பிரச்சனைய வெளிய கொண்டு வந்த குழுமத்தோட சாண்டோஸ், 2020 ஆரம்பத்துல இந்த ஜெனரிக்கே வேண்டாம்னு கைய விரிச்சுட்டான்.

வாலண்டியர் பக்கம் இருந்து பாத்தா

ஆரோக்கியமானவங்களுக்கு இன்ஹேலர்ல மருந்து குடுத்து செத்துப் போன கேஸ் இருக்கு. 2001ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஆஸ்துமா எப்படி வருதுன்னு பாக்கற ஸ்டடி, அங்கயே வேலை பாத்த 24 வயசு லேப் டெக்னீஷியன் பொண்ணு வாலண்டியரா சேந்து ஹெக்ஸாமெத்தோனியம்ங்கற பொருளை இழுத்துச்சு, நுரையீரல் கெட்டு ஒரு மாசத்துக்குள்ள இறந்துடுச்சு. அந்த பொருளுக்கு இன்ஹேல் பண்ற வழியில அனுமதியே கிடையாது, அது நுரையீரல கெடுக்கும்னு 1950கள்ல வந்த கட்டுரைங்கள ஆராய்ச்சி பண்ணவங்க தேடல்ல விட்டுட்டாங்க. அந்த வருஷம் ஜூலைல அங்க அரசு பணத்துல நடந்த மனித ஆராய்ச்சி எல்லாத்தையும் கொஞ்ச நாள் நிறுத்தியே வெச்சாங்க.

அட்வேர் ஸ்டடி அந்த ரகம் இல்ல. ஏற்கனவே லட்சக்கணக்கான பேர் தினமும் எடுக்கற மருந்து, ஒரு வேளை டோஸ், அதிகபட்சம் கை லேசா நடுங்கும், நெஞ்சு கொஞ்சம் படபடன்னு இருக்கும், கேனுலா போட்ட இடம் நீலமாகும். ரிஸ்க் கம்மி. ஆனா பலன்? வாலண்டியருக்கு வைத்தியப் பலன் சுத்தமா பூஜ்யம், அவருக்கு ஆஸ்துமாவே இல்ல. அவருக்கு குடுக்கற பணம் நேரத்துக்கும் சிரமத்துக்கும் தான். அப்ப அந்த ஊசிக்கும் ரெண்டு நாள் அடைஞ்சு கிடக்கறதுக்கும் ஒரே நியாயம், அவர் குடுக்கற ரத்தம் ஒரு கேள்விக்கு விடை சொல்லும்ங்கறது. ஒரே ஒரு டப்பாவ வெச்சு பண்ற டிசைன்ல விடை சொல்ல முடியாதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த நியாயமும் போச்சு.

வழி இல்லாம இல்ல. அதே எண்ணிக்கை வாலண்டியர்களையே வெச்சுக்கிட்டு, எல்லாருக்கும் ஒரே டப்பா குடுக்காம, ஒரிஜினல்ல பல பேட்ச், ஜெனரிக்ல பல பேட்ச்னு பிரிச்சு குடுக்கலாம். ஆளை எப்படி ஒரு பெரிய கூட்டத்துல இருந்து எடுத்த சாம்பிளா பாக்கறோமோ அதே மாதிரி பேட்சையும் சாம்பிளா கணக்குல சேக்கலாம். நம்பக எல்லை அகலமாகும், ஆமா, ஆனா அது உண்மையான அகலம். கம்பெனிக்கு செலவும் வேலையும் கூடும், வேற வேற காலாவதி தேதில சரக்கு தேடி வாங்கணும், அதுக்கு அழுவாங்க. இப்ப ஒரு எத்திக்ஸ் கமிட்டி முன்னாடி காம்பினேஷன் இன்ஹேலர் ஸ்டடி ஒண்ணு வந்தா, எத்தனை பேர், எத்தனை மில்லி ரத்தம், எவ்வளவு இழப்பீடுன்னு கேக்கறதோட, ஒரிஜினல்ல எத்தனை பேட்ச் வாங்கப் போறீங்க, அத யார் எப்படி பொறுக்கினதுன்னும் கேட்டு ஃபைல்ல எழுத சொல்லணும்.